அலிகேட்டர் முட்டைக் காலம்: லூசியானா நாட்குறிப்பு

ஜூன் 29
அலிகேட்டர் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சதுப்புகளில் வாழும் ஒரு முதலை வகை. அதன் முட்டையைக் காட்டிலிருந்து எடுத்துப் பொரித்து, தோலுக்காக வளர்க்கும் பண்ணையில் எனக்கு வேலை. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்துக் குறித்து வைத்திருந்த கூட்டுக்கு ஏர்போட்டில் (பின்னால் பெரிய விசிறி வைத்த தட்டைப் படகு) போனோம். புல்லும் சேறுமாகத் தாய் குவித்த மேடு. உள்ளே கைவிட்டால் வெதுவெதுப்பு. புல் அழுகும் சூடுதான் அடைகாக்கிறது. தாய் வாயைப் பிளந்து சீறியபடி தண்ணீரிலேயே கிடந்தது. ஒருவர் நீளக் கழியோடு அதைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் முட்டை எடுத்தோம். ஒவ்வொன்றின் மேற்பக்கத்திலும் பேனாவால் ஒரு கோடு. கிடந்த வாக்கிலேயே கூடையிலும் வைக்க வேண்டும். முட்டையிட்ட ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் மேற்புறம் ஒட்டிக்கொள்கிறது, புரட்டினால் செத்துவிடும். மெத்தைக்கு அதே கூட்டின் புல்தான்.

ஜூலை 2
இடி, மழை. படகு கிளம்பவில்லை.

ஜூலை 12
முட்டைகளைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இன்குபேட்டர் அறையில் எல்லாருடைய கண்ணும் வெப்பமானியில்தான். 30 டிகிரியில் வைத்தால் எல்லாம் பெண், 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண். குரோமோசோம் அல்ல, சூடுதான் முடிவு செய்கிறது.

ஜூலை 21
முட்டையைக் காட்டிலிருந்து எடுப்பது திருட்டு இல்லையா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கண்டபடி வேட்டையாடித் தீர்த்ததால் 1962இல் இங்கே வேட்டைக்கே தடை போட்டார்கள். 1972இல் கேமரன் பாரிஷில் (பாரிஷ் என்றால் இங்கே மாவட்டம் மாதிரி) மட்டும் கட்டுப்பாட்டோடு வேட்டையைத் திறந்தார்கள். 1987இல் அழிவு அபாயப் பட்டியலிலிருந்தே அலிகேட்டர் வெளியே வந்தது. கடலோரச் சதுப்பில் பெரும்பகுதி தனியார் நிலம். முட்டைக்குக் காசு வருவதால்தான் நிலக்காரர் சதுப்பைச் சதுப்பாகவே விட்டுவைக்கிறார். வெறும் அறிவுரைக்கு யார் நிலத்தை விடுவார்கள்?

ஆகஸ்ட் 28
ஓட்டுக்குள்ளிருந்தே சத்தம்! ஒன்று கத்தினால் தட்டு முழுக்கப் பதில் கத்துகிறது. காட்டில் இதைக் கேட்டுத்தான் தாய் மேட்டைத் தோண்டும். இங்கே நாங்கள் ஓட்டைப் பிரித்துவிட்டோம். கருப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, மூக்கு நுனியில் முட்டைப்பல். ஒரு சாண் நீளம்கூட முழுதாக இல்லை. அதற்குள் என் விரலைக் கடிக்கப் பார்த்தது.

செப்டம்பர் 4
வளர்ப்புக் கொட்டகை இருட்டாக, சூடாக இருக்கிறது. நெரிசல் கூடினால் கடித்துக்கொள்ளும். வயிற்றுத் தோலில் கீறல் விழுந்தால் விலை போச்சு. அந்த இருட்டு எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும்தான்.

செப்டம்பர் 9
முன்பு பொரித்து வளர்த்தவற்றில் சட்டப்படி காட்டுக்குத் திருப்ப வேண்டிய பங்கைப் போன மாதம் விட்டோம். நான்கடி நீளம் வந்தவை. முட்டை எடுத்த சதுப்புக்கேதான் போக வேண்டும். அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, கால் சவ்வில் உலோக வில்லை மாட்டி, வால் செதிலில் வெட்டுக்குறி வைத்தோம். காட்டில் குஞ்சுகளில் பெரும்பாலானவை பறவைக்கும் ரக்கூன் என்ற சிறு விலங்குக்கும் இரையாகும். இந்த அளவு வந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. திருப்பி விடும் இந்தக் கணக்கு சரியாக நடக்கும்வரை நான் இந்தத் தொழில் பக்கம்தான்.