எற்பாடும் 290 கிலோபைட்டும்

தினமும் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் சர்வரில் கூட்டம் அலைமோதும். கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கும் வலைச் செயலி ஒன்றைச் செய்து கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பகலெல்லாம் காற்று வாங்கும் வரைபடம் ஒன்பது மணிக்குச் செங்குத்தாக ஏறும். வண்ணார்பேட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பெருமைப்பட்டதோடு நிற்காமல், பெரிய சர்வர் வாங்கியே ஆக வேண்டும் என்று முதலாளியிடம் வாதாடியும் வைத்தேன்.

உண்மை தெரிந்தது அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறிப் போன பிறகுதான். லைனுக்குப் போகும் விற்பனையாளர் ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பாபநாசம் வரை கடை கடையாகச் சுற்றினேன். முதல் கடையில் அவர் செல்போனை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டு ஒன்றை எடுத்தார். “ஏன் அண்ணாச்சி, செயலியில் போடவில்லையா?” என்றேன். பதில் சொல்லாமல் போனைத் திறந்து என் கையில் கொடுத்தார். வெள்ளைத் திரை, நடுவில் சுற்றும் வட்டம். கடைக்காரர் இரண்டு பேருக்குச் சீனி நிறுத்துக் கொடுத்து, சில்லறையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “ராத்திரி வீட்டில் பையன் வைஃபை போட்டிருக்கிறான். ஒன்றுவிடாமல் ஏற்றிவிடுவேன் தம்பி, கவலைப்படாதீர்கள்” என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். ஒன்பது மணிக் கூட்டத்தின் ரகசியம் அதுதான்.

திரும்பி வந்து செயலியின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். எந்த லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டும் கருவி இருக்கிறது. ஒரு மெகாபைட்டுக்கு மேல் நீண்ட அந்தக் கோப்பில், நாங்கள் எழுதிய நிரல் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குக் கிடந்தது. மற்றதெல்லாம் ஒற்றை வரியில் நாங்களே கூப்பிட்டுக் குடிவைத்தவை. குற்றாலத்தில் குளிக்கப் போகிறவன் துண்டோடு கட்டிலையும் பீரோவையும் தூக்கிக்கொண்டு போன கதை.

“அதுதான் ஜிஸிப்பில் அழுத்தி அனுப்புகிறோமே” என்றார் உடன் வேலை செய்யும் நண்பர். அழுத்துவதால் வழிப்பயணம்தான் சுருங்குகிறது. போனுக்குள் போனதும் முழுவதையும் விரித்து, படித்து, இயங்கும் வடிவுக்கு மாற்றியாக வேண்டும். அதே எடையுள்ள படத்தை விரித்துக் காட்டுவதைவிட இது போனுக்குக் கூடுதல் பாடு. விலை குறைந்த போனில் அந்தப் பாடு வட்டமாகச் சுற்றுகிறது.

பெரிய கட்டம் மொமென்ட் என்ற தேதி லைப்ரரி. நிரல்களை ஒரே கோப்பாகக் கட்டும் கருவியான வெப்பேக், தனியாகத் தடுக்காவிட்டால் அதன் எல்லா மொழிகளையும் சேர்த்தே கட்டிவிடும். வெற்றிடங்களை நீக்கி நிரலைச் சுருக்கிய பிறகும், ஜிஸிப்பில் அழுத்துவதற்கு முன், சுமார் 290 கிலோபைட். பட்டியலைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள், விண்வெளித் தொடர் ஒன்றுக்காகக் கற்பனையில் உருவாக்கிய கிளிங்கன் உட்பட. விக்கிரமசிங்கபுரத்து மளிகைக் கடைக்கு அப்பளம் போட, கிளிங்கனில் மாதப் பெயர்கள். அதை உருவாக்கியவர்களே 2020 செப்டம்பரில், இனிப் புதிய வசதிகள் சேர்க்கமாட்டோம், புதிய பணிகளுக்கு வேறொன்றைப் பாருங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். நான்தான் பழக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது லோடாஷ், சில்லறை வேலைகளுக்கான லைப்ரரி. நாங்கள் பயன்படுத்தியது மூன்றே செயல்கூறுகள்; இறங்கியது முழுவதும், 70 கிலோபைட். பயன்படாததை உதிர்த்துவிடும் உத்திக்கு ட்ரீ ஷேக்கிங் என்று பெயர்; 2015 வாக்கில் ரோலப் என்ற கருவி வழியாகப் பிரபலமானது. புளியமரத்தை உலுக்குவது போலத்தான், ஆனால் மரம் உலுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். லோடாஷின் வழக்கமான பொதி எது பயன்படும் என்று கருவியால் முன்கூட்டியே கண்டுகொள்ள முடியாத பழைய காமன்ஜேஎஸ் முறையில் இருப்பதால் எதுவும் உதிரவில்லை. தேவைப்பட்ட கோப்புகளை மட்டும் தனித்தனியாக அழைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. நாள்காட்டிக்காக மட்டும் வந்திருந்த ஜேகுவெரி லைப்ரரியை அனுப்பிவிட்டு, பிரவுசரிலேயே உள்ள தேதிப் பெட்டியை வைத்தேன். விற்பனை வரைபடத்துக்கான லைப்ரரி கம்பெனி முதலாளியின் பக்கத்துக்கு மட்டும் வேண்டியது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் இறங்கும்படி பிரித்தேன்.

மொமென்டை எடுத்தபோதுதான் கை சுட்டது. பழைய ஆர்டர்களில் தேதி 05-04 என்று நாள் முதலாகவும் மாதம் பின்னாகவும் பதிவாகியிருந்தது. எந்த வரிசை என்று மொமென்டிடம் சொல்லிவைத்திருந்தோம். பிரவுசரின் சொந்த தேதிக்கூறிடம் யாரும் சொல்லவில்லை. அது மாதத்தை முதலில் படித்தது. நான் சோதித்துப் பார்த்தது ஏப்ரல் 4. 04-04-ஐ எப்படிப் படித்தாலும் ஏப்ரல் 4 தானே! நிம்மதியாக வெளியிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள், ஏப்ரல் 5-ஆம் தேதி போக வேண்டிய சரக்கெல்லாம் மே 4-ஆம் தேதிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. சித்திரை விசுவுக்கு முந்தைய வாரம், அப்பளத்துக்கு ஆள் பறக்கும் நேரம். கட்டி வைத்த மூட்டைகள் நகராமல் கிடந்தன. தேதி 12-ஐத் தாண்டியிருந்தால் 13-ஆவது மாதம் இல்லை என்று பிழை காட்டி என்னைக் காப்பாற்றியிருக்கும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள்தான் சத்தமில்லாமல் கழுத்தை அறுக்கும். நாள், மாதம், ஆண்டை நானே பிரித்துக் கொடுக்கும் நான்கு வரிகளை அன்று காலையே எழுதினேன். 290 கிலோபைட்டில் எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது அந்த நான்கு வரிகள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் தேவைப்பட்டது என்று நான் நினைத்தேன். மொமென்டின் தமிழ்க் கோப்பை எழுதிய யாரோ ரசிகர், முற்பகல் பிற்பகல் என்று நிறுத்தாமல் யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை என்று சிறுபொழுதுகளையே வைத்திருக்கிறார். பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை எற்பாடு. பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்காக நெட்டுருப் போட்ட சொல் அப்பள ரசீதில் வருவதை எப்படி விடுவது? அந்த ஆறு சொற்களை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

கோப்பு கால்வாசிக்கும் கீழே வந்தது. இரவு ஒன்பது மணிச் சிகரம் இரண்டு வாரத்தில் கரைந்து, பகல் முழுவதும் சிறு மேடுகளாகப் பரவியது. பெரிய சர்வர் பற்றி அதன்பின் நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் கம்பெனி முதலாளி போன் செய்தார். “எல்லாம் வேகமாக இருக்கிறது தம்பி. ஒரே ஒரு எழுத்துப்பிழைதான். மதியத்துக்கு மேல் எடுக்கும் ரசீதில் எல்லாம் ‘ஏற்பாடு’ என்பதை ‘எற்பாடு’ என்று அடித்திருக்கிறது. என்ன ஏற்பாடு என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள்.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு ‘மதியம்’ என்று மாற்றினேன். அதில் இன்னும் 3 பைட் குறைந்தது.