கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரியில் கொதிக்கிறது: ஒரு பி.எட். மாணவியின் நாட்குறிப்பு

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சி பாதியைத் தாண்டிவிட்டது. கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. எனக்குக் கொடுத்திருப்பது ஏழாம் வகுப்பு அறிவியல்.

இன்று ஸ்மார்ட் போர்டில் வெப்பம் பற்றிய வீடியோ போட்டேன். சூடேறச் சூடேற மூலக்கூறுகள் முட்டி மோதி ஓடுவதை வகுப்பே வாய் பிளந்து பார்த்தது. நான் சாக்பீஸால் வரைந்திருந்தால் வெறும் புள்ளிகளாகத்தான் நின்றிருக்கும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதில் திரையை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீடியோவின் கடைசியில் ஒரு குரல், "தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்" என்றது. பிள்ளைகளும் கோரஸாகச் சொன்னார்கள். "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லை மிஸ்." ஒரு கேள்விகூட வராத வகுப்பு எனக்குப் பயமாக இருக்கிறது.

வழிகாட்டி ஆசிரியை முன்பு ஆரம்பப் பள்ளியில் இருந்தவர். 2007-இல் தமிழகம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் முறை) பரவியபோது தரையில் உட்கார்ந்து, பாடங்களை வரிசைப்படுத்திக் காட்டும் ஏணிப்படி, அட்டைகள், சுவரோரத்துக் குட்டிக் கரும்பலகை என்று நடத்தியிருக்கிறார். "கிழிஞ்சிடும்னு அந்த அட்டைகளை பீரோவில் பூட்டி வச்ச பள்ளிக்கூடமும் உண்டும்மா" என்று சிரித்தார். அப்புறம் தன் பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார்.

நவம்பர் 6, வியாழன்

பீரோவில் தெர்மாமீட்டர்கள், பீக்கர்கள், முக்காலி, கம்பி வலை எல்லாம் இருந்தன. சாராய விளக்கு சிலவற்றில் திரி இல்லை. பழைய பனியன் துணியைத் திரித்துப் போட்டுவிட்டோம். விளக்கு எரியும்போது ஸ்வெட்டர் கையை முழங்கை வரை மடக்க வேண்டும் என்பது முதல் விதி. தெர்மாமீட்டர் உடைந்தால் பாதரசத்தைத் தொடாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது இரண்டாவது.

இந்தக் குளிரில் விளக்குச் சுடர் நீலமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. பீக்கரில் நூறு மில்லிதான் ஊற்றியிருந்தோம், அதற்கே பாதிப் பீரியடு போய்விட்டது. 70, 80, 88 என்று ஒருத்தி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்பின. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டர் 94-இல் நின்றது. நின்றதுதான், அதற்கு மேல் ஒரு கோடு ஏறவில்லை.

"தெர்மாமீட்டர் ரிப்பேர் மிஸ்!"

வேறொன்றை மாற்றினோம். 93-க்கும் 94-க்கும் நடுவில். பக்கத்துக் குழுவில் 96. போய்ப் பார்த்தால் தெர்மாமீட்டரின் குமிழ் பீக்கரின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தூக்கிப் பிடித்ததும் அதுவும் இறங்கி 94-க்கு வந்தது. ஒருவன் இன்னொரு விளக்கையும் சேர்த்து வைத்தான். ஆவிதான் அதிகமாக வந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் நோட்டை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கொதிக்கும் முன்பே அட்டவணையில் 100 என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். "வீடியோவில் அப்படித்தானே மிஸ் சொன்னாங்க?"

இன்று கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. எதற்கும் பதில் சொல்லாமல் மணி அடிக்கவிட்டேன். வேண்டுமென்றே.

நவம்பர் 7, வெள்ளி இரவு

காரணம் எளியதுதான். மேலே போகப் போக நம்மை அழுத்தும் காற்று குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஆவியாகிப் பறக்க அவ்வளவு சூடு தேவையில்லை. நம் உயரங்களில் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஆறு டிகிரி போச்சா, மீதி 94. தெர்மாமீட்டர் பேசியது உண்மை. வீடியோ பேசியதும் உண்மைதான், கடற்கரையில் இருப்பவர்களுக்கு.

1742-இல் தன் வெப்ப அளவுகோலை வெளியிட்டபோதே சுவீடன் விஞ்ஞானி செல்சியஸ், கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று எழுதியிருக்கிறார். கூடுதல் வேடிக்கை, அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார். பிறகுதான் தலைகீழாக மாற்றினார்கள்.

வழிகாட்டி ஆசிரியைக்கு ஒரே கவலை: "பரீட்சையில் 94-னு எழுதிட்டு வந்தா யாரும்மா மார்க் போடுவா?" நியாயமான கவலை. 'கடல் மட்டத்தில்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து 100 எழுதச் சொல்வது என்று முடிவானது. ஆனால் சோதனை அட்டவணையில் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கல்லூரியில் 'கற்பித்தலில் தொழில்நுட்பம்' என்ற தாளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். திரை சொல்வதும் கையில் இருக்கும் கருவி சொல்வதும் வேறுபட்டால் குழந்தை எந்தப் பக்கம் சாயும் என்று அதில் எங்கேயும் இல்லை. நேற்று வகுப்பு மொத்தமும் திரைப் பக்கம் சாய்ந்தது.

நவம்பர் 10, திங்கள்

ஞாயிறு மாலை மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் பாட்டிலில் காட்டியிருக்கலாம், ஆனால் நீலகிரியில் அதற்குத் தடை. பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நின்றது. "இதே பாக்கெட்டுதான், கீழே தொளதொளன்னு இருந்தது" என்றேன். "வெளிக்காத்து குறைஞ்சு போச்சு, உள்காத்து தள்ளுது!" என்றான் பின் பெஞ்சுக்காரன். நான் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான். இன்னொருத்தி, "அதான் எங்கம்மா பருப்பைக் குக்கர் இல்லாம வைக்கவே மாட்டாங்க" என்றாள். அவள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவருக்குப் பருப்பு வேகும் நேரம் சின்ன விஷயம் இல்லை.

அப்புறம்தான் இன்றைய முக்கியமான காரியம். சில போன்களில் காற்றழுத்தம் அளக்கும் சென்சார் உண்டு. என் போனில் இல்லை, கணினி ஆசிரியரின் பழைய போனில் இருந்தது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை அதில் இறக்கினோம். கடல் மட்டத்தில் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல் இருக்க வேண்டிய அழுத்தம், இங்கே 815-ஐ ஒட்டிக் காட்டியது.

மலைப் பள்ளிக்கூடம் அடுக்கடுக்காகத்தான் இருக்கும். எங்கள் மைதானம் கீழே, மேல்கட்டடம் பத்து மீட்டர் உயரத்தில். போனைத் தூக்கிக்கொண்டு படியேறினால் எண் ஏறத்தாழ ஒன்று குறைகிறது, இறங்கினால் கூடுகிறது. இதைக் கண்டுபிடித்த பிறகு வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. போனை யார் எடுத்துக்கொண்டு ஓடுவது என்று சண்டை. கீழே ஒருத்தி நோட்டோடு நிற்க, மேலேயிருந்து ஒருவன் எண்ணைக் கத்திச் சொல்ல, மூச்சிரைக்கப் பாடம் நடந்தது. தலைமையாசிரியர் வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

செயல்வழியா, தொழில்நுட்பமா என்று கல்லூரியில் எங்களை இரண்டு அணியாக்கிப் பட்டிமன்றம் வைத்தார்கள். எந்த அணிக்காரரும் அந்தப் படிக்கட்டில் நின்றிருந்தால் திணறியிருப்பார்கள்.

நவம்பர் 12, புதன்

மழை, பள்ளி விடுமுறை. ஐப்பசி, கார்த்திகை என்றால் மலையின் இந்தப் பக்கத்துக்கு இப்படித்தான். கரண்ட் இல்லை, நெட்வொர்க் இல்லை. ரெக்கார்டு நோட்டு எழுதிக் கை வலி.

நவம்பர் 18, செவ்வாய்

மேட்டுப்பாளையத்தில் பயிற்சியில் இருக்கும் தோழியோடு பேசி வைத்திருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பிலும் தண்ணீர் கொதிக்க வைத்து வீடியோ காலில் அளவு சொல்வது என்று திட்டம். ஸ்மார்ட் போர்டுக்கு அந்த வெப்ப வீடியோவுக்குப் பிறகு கிடைத்த உருப்படியான வேலை இது. படம் இரண்டு முறை உறைந்தது, ஒரு முறை அறுந்தே போனது. மூன்றாவது முறை அந்தப் பக்கத்துப் பையன் திரை முழுக்கத் தெர்மாமீட்டரைக் காட்டி, "99 டீச்சர்!" என்றான். எங்கள் பக்கம் ஒரே கூச்சல்: "இங்கே 94!"

"உங்களுது ரிப்பேர்" என்று அவர்கள் சொல்ல, ஜன்னலோரத்துக்காரி எழுந்து போர்டுக்கு முன்னால் போய் நின்றாள். 99-இலிருந்து 94-ஐக் கழித்தாள், ஐந்தை 300-ஆல் பெருக்கினாள். "நாங்க உங்களை விட 1,500 மீட்டர் மேல இருக்கோம், அவ்வளவுதான்" என்றாள். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800. கணக்கு சரியாகவே வந்தது. அந்தக் காலத்தில் மலை ஏறியவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் உயரம் கண்டுபிடித்தார்கள் என்று அப்போதுதான் சொன்னேன்.

தொட்டபெட்டாவில் எவ்வளவு இருக்கும் என்று உடனே கேள்வி வந்தது. 2,637 மீட்டர், நீங்களே போடுங்கள் என்றேன். 91 என்று வந்தது. எவரெஸ்டுக்குப் போட்டார்கள், 70 டிகிரி அளவில் வந்தது. "அங்கே டீ போட்டா நல்லா இருக்காது மிஸ்" என்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை தீர்ப்புச் சொன்னாள். அடுத்த வாரத்துக்கான கேள்வியையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: குக்கருக்குள் எத்தனை டிகிரி? தெர்மாமீட்டரை உள்ளே விட முடியாது, எப்படி அளப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.