ப்ரெஞ்சு எலிவேஷன்

புதுச்சேரியில் வீடு கட்ட வருகிறவர்கள் எங்கள் அலுவலகத்தில் முதலில் கேட்பது 'ப்ரெஞ்சு எலிவேஷன்', அதாவது ப்ரெஞ்சு பாணி முகப்புதான். மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, வளைவு வைத்த ஜன்னல். மனை கடலோரத்துப் பழைய ப்ரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் இருக்க வேண்டும் என்றில்லை, அதற்கு வெளியே லாஸ்பேட்டையில் இருந்தாலும் இதேதான். வரைந்து கொடுப்பது என் வேலை, கொடுக்கிறேன். ஆனால் இந்த ஊருக்குப் பொருந்துகிற கட்டடம் எது என்று யாராவது கேட்டால் அந்த மஞ்சள் சுவர்களைக் காட்ட மாட்டேன்.

பழைய ப்ரெஞ்சு வீட்டில் எதுவும் சும்மா இல்லை. சுவரின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை, மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விடும். ஜன்னலின் மரச்சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். நாங்கள் இப்போது ஒட்டுகிற பட்டை பெரும்பாலும் தெர்மாகோல், மேலே சிமென்ட் பூச்சு. ஜன்னல் கதவோ திறக்கவே திறக்காது, சுவரோடு சேர்த்து திருகி விடுவோம். பின்னால் கண்ணாடியும் ஏசியும் இருக்கும்.

ப்ரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வந்தால் விஷயமே வேறு. தமிழர் பகுதி வீடுகள் தெருவுக்கு முதுகு காட்டுவதில்லை. திண்ணை, அதற்கு முன்னால் நடைபாதைக்கு மேல் இறங்கும் தாழ்வாரம், உள்ளே முற்றம். மழை வந்தால் வழிப்போக்கர் யாரும் ஒதுங்கலாம். வைசியாள் வீதியில் இப்படி வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள், 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. இந்த வரிசைக்கு நடுவே ஒருவர் மட்டும் கீழ்த்தளத்தைக் கார் பார்க்கிங்காக விட்டுத் தூண் மேல் வீடு கட்டினால், மேலே என்ன நிறம் பூசினாலும் தெரு அந்த இடத்தில் அறுந்துவிடும். திண்ணை இருந்த இடத்தில் இருட்டும் இரும்பு கேட்டும்தான்.

வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த குறுகலான மனை, வாடகை வர வேண்டும், காரும் நிற்க வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளை இங்குள்ள கோல்கொண்டா விடுதியை வெளியிலிருந்தாவது பார்த்து வரச் சொல்வேன். அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது அது. 1930களின் கடைசியில் தொடங்கி, போர்க்காலத்திலும் வேலை நடந்தது. வெறும் கான்கிரீட், வளைவு வைத்த ஜன்னல் கிடையாது. நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, முழுக்கத் திறந்து மூடும் கிடைச்சட்டங்கள். பழைய மரஜன்னல் செய்த அதே வேலையை ஒரு கட்டடமே செய்கிறது. கட்டின புதிதில் ஊரிலேயே விநோதமான கட்டடம் அதுவாகத்தான் இருந்திருக்கும். என் கணக்கில் அதைவிடப் பொருத்தமான புதுக்கட்டடம் இங்கே வரவில்லை.

கடற்கரைச் சாலையில் நகராட்சி இருந்த மேரி கட்டடம் வேறு மாதிரி. 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, பொதுக்கட்டடம், ஊர் கேட்டது. ஆனால் அதற்கப்புறம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் சிலர், "மேரியையே புதுசா கட்டலையா சார்? இதையும் இடிச்சுட்டு அதே மாதிரி கட்டிக்கலாமே" என்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரும், மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் போய், அதே மாதிரி என்று வருவது மறுபடியும் தெர்மாகோல்தான்.

உப்புக்காற்று எலிவேஷன் பார்க்காது. கம்பிக்கு மேல் போதுமான கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்காவிட்டால் கம்பி துருப்பிடித்து உப்பி, ஸ்லாப் அடியில் பெயர்ந்து விழும். இதற்குச் செலவு செய்யச் சொன்னால் யோசிக்கிறவர்கள், கைப்பிடிச் சுவரில் அலங்காரமாக வைக்கும் பலஸ்டர் குட்டித் தூண்களுக்கு யோசிப்பதில்லை.

இப்போது தமிழர் பகுதியில் ஒரு வீட்டு வேலை நடக்கிறது. காரை ஒரு ஓரமாக ஒதுக்கி, மீதி அகலத்துக்குத் திண்ணை வரைந்தேன். "எவன் எவனோ வந்து உக்காருவான் சார்னு ஓனர் சொல்றாரு" என்று மேஸ்திரி வந்து நின்றார். பேசிப் பேசி, திண்ணை இருக்கும், முன்னால் கிரில் போட்டுக்கொள்ளலாம் என்றானது. கிரில்லைப் பகலில் பூட்டாமல் விடுங்கள் என்று ஓனரிடம் கேட்டிருக்கிறேன். வீட்டில் கலந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.