முன்னால் நிற்கும் பூச்சியம்

அப்பாவின் கொப்பிகளில் இடப்பக்கம் வாசிப்புக்கு, வலப்பக்கம் நிரலுக்கு. இடப்பக்கத்தில் திகதி, நூலின் பெயர், நிறுத்திய பக்க எண், அங்கே மனதில் பட்ட ஒரே ஒரு செய்தி. வலப்பக்கத்தில் அந்தச் செய்தியைக் கணினியில் ஓட்டிப் பார்த்த வரிகள். முதல் கொப்பிகளில் பேசிக் மொழி, பிந்தியவற்றில் பைத்தான். வாசிப்பில் ஒழுங்குமுறை எதுவும் கிடையாது. இலக்கணத்துக்கு அடுத்து வானொலி திருத்தும் கையேடு, அதற்கடுத்து சதுரங்க முடிவாட்டம், பிறகு நூலகவியல். துப்பறியும் கதைகளுக்கு எதிரே மட்டும் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும்.

பள்ளிக்கூடத்து நினைவுகளை எழுத இந்த மலரில் வேறு பலர் இருக்கிறார்கள். மலரின் கடைசிப் பக்கங்களில் வரும் உறுப்பினர் பட்டியலுக்கும் அந்தக் கொப்பிகளுக்கும் தொடர்பு உண்டு என்பதால் நான் அவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

நூல்கள் எத்தனை துறையாக இருந்தாலும் வலப்பக்கத்தில் சிவப்பு மையால் வட்டமிட்ட பிழைகள் இரண்டே வகைதான். ஒன்று, ஒன்றைக் கழிக்க மறப்பது. மற்றது, முன்னால் நிற்கும் பூச்சியத்தைத் தொலைப்பது.

முதல் வகைக்குத் திருக்குறள் நல்ல எடுத்துக்காட்டு. 1330 குறள், 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து. குறள் எண்ணைக் கொடுத்தால் அதிகார எண் வரவேண்டும். பத்தால் வகுத்து, மீதியை விட்டு, ஒன்றைக் கூட்டினால் போதும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 391ஆம் குறளுக்கு 40 வரும், சரி. அது கல்வி அதிகாரத்தின் முதற் குறள். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளான 400ஐக் கொடுத்தால் 41 வந்து நிற்கும். வகுக்கும் முன்பே ஒன்றைக் கழிக்கவேண்டும். 399ஐப் பத்தால் வகுத்தால் 39, ஒன்று கூட்டினால் 40. இந்தப் பிழை பத்தில் ஒரு குறளுக்குத்தான் தலைகாட்டும். ஆகவே எந்த நிரலையும் எல்லைகளில் சோதிக்கவேண்டும்: 1, 10, 11, 1330. நடுவில் நாலு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்பது ஏமாற்று வேலை.

இரண்டாவது வகை கப்ரேக்கர் மாறிலியில் அகப்பட்டது. தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் ஒரு பள்ளி ஆசிரியர். எண் விளையாட்டில் ஊறியவர். நாலு இலக்கமும் ஒன்றாக இராத ஒரு நாலிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால், கூடியது ஏழு படியில் 6174 வந்துவிடும். 2111ஐ எடுப்போம். 2111இலிருந்து 1112 போக 999. இங்கேதான் நிரல் குப்புற விழும். அதை மூன்றிலக்கமாக எடுத்தால் 999இலிருந்து 999 போகப் பூச்சியம், கதை முடிந்தது. 0999 என்று நாலிலக்கமாக வைத்திருந்தால் 8991, 8082, 8532, 6174 என்று ஐந்தாம் படியில் கரை சேரும். இலக்கங்களை அடுக்கும்போது எண்ணை எண்ணாக வைத்திராமல் நாலு எழுத்துள்ள சொல்லாக மாற்றி, குறையும் இடத்தை முன்னால் பூச்சியத்தால் நிரப்பவேண்டும்.

வீட்டு நூல்களின் பட்டியலிலும் அதே பூச்சியம். 2007 தொடக்கத்துக்கு முன் வந்த நூல்களின் ஐ.எஸ்.பி.என்., அதாவது நூலுக்கு நூல் தனியாகக் கொடுக்கும் அடையாள எண், பத்திலக்கம். பல ஆங்கில நூல்களுக்கு அது பூச்சியத்தில் தொடங்கும். விரிதாளில் எண்ணாகப் பதிந்தால் முதற் பூச்சியம் பறந்து ஒன்பதிலக்கம் மிஞ்சும். பத்தியை முன்கூட்டியே 'உரை' என்று வகைப்படுத்திவிட்டுத்தான் தட்டவேண்டும். சரிபார்ப்பும் எளிது: முதல் இலக்கத்தைப் பத்தால், அடுத்ததை ஒன்பதால் என்று இறங்கி, கடைசியை ஒன்றால் பெருக்கிக் கூட்டினால் தொகை 11ஆல் மீதியின்றி வகுபடவேண்டும். கடைசியில் எக்ஸ் இருந்தால் அது 10. ஓர் இலக்கம் பிழைத்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இது காட்டிக்கொடுக்கும். பிறகு வந்த பதின்மூன்று இலக்க முறை அவ்வளவு கெட்டியில்லை. பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் ஐந்தாக இருந்தால், 1உம் 6உம் போல, மாறிப்போனது தெரியாது.

இனிப் பெயர்ப் பட்டியல். அப்பாவின் கொப்பிகளில் மிகக் கூடுதலான பக்கங்களைத் தின்ற விடயம் தமிழ் அகர வரிசை. கணினி தன் போக்கில் வரிசைப்படுத்தினால் கனகா கமலாவுக்கு முன்னே வருவார், கணேசன் கண்ணனுக்கு முன்னே வருவார், வளர்மதி வள்ளியை முந்துவார். மூன்றும் பிழை.

காரணம் யுனிகோடின், அதாவது கணினிகள் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் பொது எண் முறையின், எண் வரிசை. அது இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி அடுக்கைப் பின்பற்றியது. அந்தப் பொது அடுக்கில் ன என்பது ந-வுக்குப் பக்கத்தில், ற என்பது ர-வுக்குப் பக்கத்தில். ஆகவே ன 2985, ம 2990, கனகா முந்துகிறார். நம் நெடுங்கணக்கிலோ வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. அடுத்தது புள்ளி. அகராதியில் 'ண்' முதலில், 'ண' பிறகு, 'ணா' அதன் பிறகு. யுனிகோடில் புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே 3021இல் இருக்கிறது, ஏகாரக் குறி 3015இல். கணேசன் முந்துவது அதனால்.

அப்பா எடுத்த வழி, ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கின்படி ஓர் எண் கொடுப்பது. உயிர் 1 முதல் 12, ஆய்தம் 13. பிறகு ஒவ்வொரு மெய்க்கும் பதின்மூன்று இடம்: புள்ளி வைத்தது ஒன்று, உயிர் ஏறியவை பன்னிரண்டு. மெய்யின் வரிசை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து (மறுபடியும் அந்த ஒன்று) 13ஆல் பெருக்கி, 14ஐக் கூட்டினால் புள்ளி எழுத்தின் எண். அதோடு உயிரின் எண்ணைக் கூட்டினால் உயிர்மெய். க் 14, க 15, கௌ 26, ங் 27. கடைசி எழுத்தான னௌ சரியாக 247இல் விழும். விழாவிட்டால் அட்டவணையில் எங்கோ ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை 19ஆம் மெய் முதல் தொடரலாம். க்ஷவைத் தனி எழுத்தாகக் கொள்வதா என்று பண்டிதர்கள் வாதிடட்டும். பெயர்ப் பட்டியலில் க், ஷ என்று பிரித்தாலும் குடி முழுகாது.

இந்த எண்களை ஒட்டவைத்தால், வரிசைப்படுத்த உதவும் ஒரு பெயரின் திறவுகோல். கண்ணன் 015 079 080 235, கணேசன் 015 087 041 235. இரண்டாம் இடத்தில் 079 சிறிது, கண்ணன் முன்னே. மூன்றிலக்கமாக நிரப்பாமல் 15, 79 என்று ஒட்டினால் ஐகாரத்தின் 9 ககரத்தின் 15க்குப் பின்னே போய்விடும். கப்ரேக்கரைக் கவிழ்த்த அதே பூச்சியம்.

பெயரை எழுத்தெழுத்தாகப் பிரிப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. மெய் வந்தால் அடுத்ததைப் பார்க்கவேண்டும்: புள்ளியோ குறியோ இருந்தால் சேர்த்து எடு, இல்லாவிட்டால் அது அகரம் ஏறியது. பெயரின் கடைசியில் அடுத்தது என்று ஒன்றில்லாததால் பழைய பேசிக் நிரல் தடுக்கி நின்றது. பெயரின் பின்னால் ஓர் இடைவெளியை ஒட்டிவிட்டுத் தொடங்கினால் தீர்ந்தது.

தட்டச்சுக் குழப்பங்கள் இதற்கும் முன்னே தீரவேண்டியவை. 'கொ' ஒரே குறியோடும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியோடும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒரே எழுத்தின் வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யுனிகோடின் இயல்பாக்கம் இதைச் சேர்த்துவிடும். கௌதமனை க, ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று தட்டியிருந்தால் சேர்க்காது. கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளியும் தெளிவும் சிதைந்துபோகும். ளகரத்தின் மேல் புள்ளியோ குறியோ இல்லாத இடங்களை மட்டும் நிரல் பொறுக்கி எடுத்துக் காட்டும், ஆள் பார்த்துச் சம்மதிக்கவேண்டும். யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய பட்டியல்கள் இன்னொரு தலையிடி. அதில் கொம்பை முதலில் தட்டி, மெய்யைப் பிறகு தட்டுவோம். யுனிகோடுக்குப் போகையில் மெய்யைத் தாண்டிக் கொம்பைப் பின்னே தள்ளவேண்டும். கொம்பு, மெய், கால் மூன்றும் சேர்ந்த கோவையை முதலில் மாற்று, இரண்டு சேர்ந்ததைப் பிறகு மாற்று. வரிசை பிசகினால் ஒவ்வொரு 'கொ'வும் கொம்பு தனி, கால் தனியாக நிற்கும்.

கடைசிச் சிக்கல், பெயரோடு போடும் முதலெழுத்துகள். மு. கண்ணன் 'க'வில் வரவேண்டும், ஆகவே கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் வெட்டிவிட்டு மிச்சத்தை எடுப்பது முதல் யோசனை. யாராவது கண்ணன் சு. என்று பின்னால் போட்டிருந்தால் மிச்சம் வெறுமை. அவர் பட்டியலின் உச்சியில் போய் உட்காருவார். புள்ளியிலும் இடைவெளியிலும் துண்டாக்கி, கூடிய எழுத்துள்ள துண்டை எடுப்பது அடுத்த யோசனை, அதுவும் கணினிக் குறிகளை எண்ணாமல் தமிழ் எழுத்துகளை எண்ணி. முழுப்பெயர் இரண்டைச் சேர்த்து எழுதுபவர்களிடம் அதுவும் தோற்றது. அதன் பிறகு கொப்பியில் நிரல் இல்லை. உறுப்பினர் படிவத்தில் ஒரு பத்தி கூட்டப்பட்டிருக்கிறது: 'எந்தப் பெயரின் கீழ் உங்களைத் தேடவேண்டும்?'