ஏரிக்கரையில் பனை விதைத்த பிள்ளைகள்

சென்ற புரட்டாசியில் 7ஆம் வகுப்பு மாணவர்களை ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, அவர்களே பொறுக்கிய பனங்கொட்டைகளைப் பத்தடி இடைவெளியில் ஓரடிக் குழிகளில் விதைக்கச் செய்தேன். வடகிழக்குப் பருவமழை வந்துவிடும் என்பதால் தனியே நீர் ஊற்றவில்லை. வாரங்கள் கடந்தும் மண்ணுக்கு மேலே எதுவும் தெரியாததால் பிள்ளைகள் வாடிப்போனார்கள். பள்ளித் தோட்டத்துப் பாத்தியில் விதைத்திருந்தவற்றுள் ஒன்றைத் தை மாதத்தில் தோண்டிக் காட்டினேன். இலை விரிவதற்கு முன்பே முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகத் திரண்டிருப்பதை ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்தார்கள். மண்ணுக்கடியில் நடக்கும் அந்த வேலையை, நான் வரைந்த எந்தக் கரும்பலகைப் படமும் இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை. பாத்தியிலிருந்த மற்றக் கிழங்குகளை அவித்து உண்டோம். கரையில் விதைத்தவை காய்க்கப் 15 ஆண்டுகளாவது ஆகும் என்றதும், ஒரு மாணவி விரல்விட்டு எண்ணி, "அப்போது எனக்கு 27 வயது, டீச்சர்" என்றாள்.