கையால் ஓட்டினால் ஓடும், தானாக எழாது: பால் சொசைட்டி கம்ப்யூட்டரோடு மூன்று வாரம்

எங்கள் ஊர் வேலந்தாவளம் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். வீட்டிலும் தோட்டத்திலும் பேச்சு தமிழ்தான், பால் சொசைட்டியிலும் அப்படியே, சுவரில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கைகள் மட்டும் மலையாளம். அந்த சொசைட்டியில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. எடை மெஷினும், பாலின் தரத்தை அளக்கும் அனலைசரும் யூஎஸ்பி கன்வர்ட்டர் வழியாக அதில் சேர்கின்றன. எடை, ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றையும் படித்து, விலைப்பட்டியலைப் பார்த்து, லிட்டருக்கு எவ்வளவு என்று பெரிய திரையில் காட்டி, பால் ஊற்றியவரின் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிற பைத்தான் ஸ்கிரிப்டை (சின்ன நிரலை) எழுதியது நான். சம்பளத்துக்குச் செய்ததில்லை, எங்கள் வீட்டுப் பாலும் அங்கேதான் போகிறது.

பிரச்சினை இதுதான். காலை ஐந்தரைக்கு ஊழியர் வந்து சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் எழும், திரை வரும், ஸ்கிரிப்ட் மட்டும் வராது. எனக்கு போன் வரும். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய், கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து ஓட்டினால் முதல் தடவையிலேயே ஓடும். கையால் ஓட்டி ஒரு நாள்கூட அது தவறியதில்லை. அதனால்தான் ஸ்கிரிப்டில் கோளாறு இல்லை, கம்ப்யூட்டர்தான் கிழடு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நான் போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. வரிசை கேட் வரைக்கும் நிற்கிறது. செக்ரட்டரி அக்கா நோட்டில் எழுதி எழுதிப் பாலை வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு ஆத்தா தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டு, இருண்டு கிடந்த திரையையே பார்த்தபடி, "ஏஞ்சாமி, என்ற பாலு எத்தன பாயிண்டுன்னு இன்னைக்கும் காட்டாதா?" என்று கேட்டார். எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. நோட்டில் எழுதினால் அவரால் படிக்க முடியாது. திரையில் இருக்கும் எண்ணை மட்டும் தெரியும், அதை நம்பித்தான் மறுநாள் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் கணக்குப் போடுவார். அன்றைக்கே, இதை அடியோடு சரி செய்யாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

அதுவரை ஸ்கிரிப்டை கிரான்டேபில் (வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் என்ற நிரலின் பட்டியல்), ரீபூட் ஆனதும் ஓடு என்ற ஒற்றை வரியில் போட்டிருந்தேன். அது தோற்றால் என்ன சொல்லித் தோற்கிறது என்று பார்க்கவே வழி வைக்கவில்லை. பிழைச் செய்தி எங்கே போகிறது? எங்கும் இல்லை. முதல் வேலையாக அந்த வரியின் கடைசியில், வெளியீடும் பிழையும் சேர்ந்து ஒரு லாக் ஃபைலில் விழும்படி செய்தேன், ஃபைலுக்கு முழுப் பாதையும் கொடுத்தேன். இதே சிக்கலில் இருப்பவர்கள் வேறு எதைத் தொடுவதற்கு முன்னாலும் இதைச் செய்துவிடுங்கள். லாக் இல்லாமல் நான் மாற்றிப் பார்த்தது எல்லாம் இருட்டில் கல் எறிந்ததுதான்.

மறுநாள் லாக்கில் ஒரே வரி. சீரியல் என்ற மாட்யூல் (பைத்தானோடு தனியாகச் சேர்க்கும் துணை நிரல்) இல்லை. கையால் ஓட்டும்போது இருக்கிற மாட்யூல் இப்போது எங்கே போனது? நான் டெர்மினல் திறந்தால் பாஷ்ஆர்சி என்ற அமைப்பு ஃபைல் ஓடி, அந்த சீரியல் மாட்யூலைத் தரும் பைசீரியலைப் போட்டு வைத்திருக்கும் வெர்ச்சுவல் சூழலை (பைத்தானுக்கென்று ஒதுக்கிய தனி இடம்) தானாக எழுப்பிவிடுகிறது. கிரான் அந்த ஃபைலைத் தொடுவதே இல்லை. நிரல்களைத் தேடும் பாத் என்று அதற்குத் தெரிந்தது இரண்டே அடைவுகள் (ஃபோல்டர்கள்). அங்கே இருக்கிற சிஸ்டத்தின் பைத்தானை எடுத்து ஓட்டியிருக்கிறது, அதற்கு பைசீரியல் தெரியாது. வெர்ச்சுவல் சூழலுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையையே வரியில் எழுதினேன். அது தீர்ந்ததும் அடுத்தது வந்தது: விலைப்பட்டியல் ஃபைல் இல்லையாம். நான் எப்போதும் அந்த அடைவுக்குள் போய் நின்றுகொண்டு ஓட்டுவேன், கிரான் ஹோம் அடைவில் நின்று ஓட்டுகிறது. ஸ்கிரிப்டுக்குள் வெறும் பெயராக இருந்த ஃபைல்களுக்கெல்லாம் முழுப் பாதை கொடுத்தேன்.

இந்த இரண்டையும் மெஷினை அணைத்து எழுப்பாமலேயே பிடித்திருக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. என்வ் கட்டளைக்கு ஐ என்ற ஆப்ஷனைக் கொடுத்து, வேறொரு அடைவில் நின்று ஸ்கிரிப்டை ஓட்டினால், நம்முடைய சூழல் எதுவும் இல்லாத வெறும் தரையில் அது ஓடும். பூட் நேரத்தில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது, அதற்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அந்த வெறும் தரைதான். லாகின் ஆன ஆளும் இல்லை, அந்த ஆளின் அமைப்புகளும் இல்லை.

நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் போன்: "தம்பி, எடை இருக்க வேண்டிய இடத்துல ஏதேதோ வருது." எடை மெஷின் பேசுவதாக நினைத்து அனலைசரின் வரியைப் படித்திருக்கிறது ஸ்கிரிப்ட். காரணத்தைக் கேளுங்கள். ஐப்பசி மாதம், துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி மின்னல். சாயங்காலம் வேலை முடிந்ததும் மின்னலுக்குப் பயந்து இரண்டு யூஎஸ்பி வயர்களையும் பிடுங்கி வைத்துவிட்டுக் காலையில் திரும்பச் செருகுகிறார்கள். அதில் தப்பே இல்லை, போன வருஷம் மின்னலில் ஒரு மானிட்டர் போயிருக்கிறது. ஆனால் லினக்ஸ் இந்தக் கன்வர்ட்டர்களுக்கு டிடிஒய்யூஎஸ்பி 0, 1 என்று கண்ட வரிசையில்தான் பெயர் வைக்கும். முதலில் செருகியது 0. ஒரு நாள் வரிசை மாறினால் பெயரும் மாறிவிடும்.

இதற்கு டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பைஐடி என்று ஓர் இடம் இருக்கிறது, அந்தந்தக் கருவியின் அடையாளத்தைக் கொண்ட நிலையான பெயர்கள் அங்கே இருக்கும். பார்த்தால் என்னுடைய இரண்டு கன்வர்ட்டருக்கும் சேர்த்து ஒரே பெயர். இரண்டும் சிஎச் 340 சிப் வைத்த மலிவு வகை, தனித்தனி வரிசை எண் கிடையாது. பக்கத்திலேயே பைபாத் என்று இன்னொன்று உண்டு, எந்த யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் வரும். அதை எடுத்துக்கொண்டேன். செக்ரட்டரி அக்காவிடம் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, எடை மெஷினின் ஓட்டைக்கு மேலே ஒரு பொட்டு, அதன் வயர் தலையில் ஒரு பொட்டு. அனலைசருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. சிவப்பைச் சிவப்பில் செருகுங்கள் என்று சொன்னேன், அன்றிலிருந்து மாறவில்லை.

ஆனால் வயரைச் செருகுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால்? ஸ்கிரிப்ட் கருவியைத் தேடும், இல்லை என்றதும் செத்துவிடும், கிரான் அதைத் திரும்ப எழுப்பாது. ஒரு நிமிஷம் தூங்கிவிட்டு ஓடு என்று ஸ்லீப் போட்டுப் பார்த்தேன். பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், எனக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. ஊழியர் இரண்டு நிமிஷம் தாமதித்தால் அதுவும் தோற்கும். அவர் சீக்கிரம் செருகிவிட்டாலோ ஜனங்கள் சும்மா நிற்க வேண்டும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே ஸ்கிரிப்டுக்குத் தெரியாத காத்திருப்பு அது.

கிரானை விட்டு, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டிக்கு மாறினேன். சர்வீஸ் ஃபைல் ஒன்று எழுதி, தோற்றால் மறுபடி தொடங்கு என்று சொல்லிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். வீட்டில் விண்டோஸ் லேப்டாப்பில் உட்கார்ந்து சர்வீஸ் ஃபைலையும், அதிலிருந்து கூப்பிடும் சின்ன ஷெல் ஸ்கிரிப்டையும் எழுதி பென்டிரைவில் கொண்டுபோனேன். தொடங்கவே இல்லை. நிலையைக் கேட்டால் 203, எக்ஸெக் என்றது, கூடவே அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. ஃபைல் என் கண் முன்னால் இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணி வரை இதிலேயே போனது. கடைசியில், ஃபைலில் இருப்பதைக் காட்டும் கேட் கட்டளைக்குப் பெரிய ஏ ஆப்ஷனைக் கொடுத்துப் பார்த்தபோது ஒவ்வொரு வரியின் முடிவிலும், கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு குறி வெளியே வந்தது. விண்டோஸ் வைக்கும் வரி முடிவு. முதல் வரியில் பாஷ் இருக்கும் இடத்தைச் சொல்கிறோம் இல்லையா, அதன் வாலில் இந்தக் குறி ஒட்டிக்கொண்டதால் அந்தக் குறியையும் சேர்த்துப் பெயராக எடுத்துத் தேடியிருக்கிறது. இல்லை என்று அது சொன்னது ஸ்கிரிப்டை அல்ல, அதை ஓட்ட வேண்டிய நிரலை. டாஸ்டுயுனிக்ஸ் கட்டளையால் துடைத்ததும் ஓடியது.

ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் ஒரு காலையில் மறுபடியும் இருண்ட திரை. இந்த முறை பயமில்லை, சிஸ்டம்டியின் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் இருக்கிறதே. பி ஆப்ஷன் கொடுத்தால் இந்தத் தடவை எழுந்ததிலிருந்து வந்த செய்திகளை மட்டும் காட்டும், அதோடு கழித்தல் ஒன்று சேர்த்தால் போன தடவை எழுந்தபோது வந்தவை. பார்த்தேன். ஒரே விநாடிக்குள் ஐந்து முறை தொடங்கி ஐந்து முறை செத்திருக்கிறது. வயர் இன்னும் செருகவில்லை. சிஸ்டம்டி இயல்பாக 100 மில்லிவிநாடி இடைவெளியில் மறுபடி எழுப்பும், 10 விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் போனால் இது தேறாது என்று கைவிட்டுவிடும். அந்தக் கைவிடல் நியாயமானதுதான், எங்கள் சொசைட்டிக்குத்தான் பொருந்தவில்லை. மறுதொடக்க இடைவெளியை 5 விநாடியாக்கி, எண்ணிக்கை வரம்பின் நேரத்தை 0 என்று வைத்து வரம்பையே எடுத்துவிட்டேன். இப்போது வயர் எப்போது வந்தாலும் அடுத்த ஐந்து விநாடிக்குள் திரை எழும்.

கடைசியாகப் பிடிபட்டதுதான் எனக்கு இன்றைக்கும் மனதை உறுத்துகிறது, ஏனென்றால் அது திரையில் தெரியவில்லை. எல்லாம் ஓடுகிறது, எண்கள் சரி, ஜனங்கள் போய்விட்டார்கள். பால் பணப் பட்டுவாடாவுக்கு முந்தின நாள் அக்கா கூப்பிட்டு, சிலருக்கு ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை பால் ஊற்றியதாக இருக்கிறது, மறுநாள் காலை காலியாக இருக்கிறது என்றார். காலைப் பால் முந்தின நாள் சாயங்காலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது!

மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டுகிற சின்ன செல், சிஆர் 2032, செத்துப்போயிருந்தது. சில மெஷின்கள் எழும்போதே அதைச் சொல்லும், இது வாயே திறக்கவில்லை. சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்ததும் கடிகாரம் நின்றுவிடும். காலையில் எழும்போது சிஸ்டம்டியின் நேர ஒத்திசைவுச் சேவை, தான் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அதாவது நேற்று சாயங்காலம் ஆறு மணி. நெட் வந்ததும் சரியாகிவிடும். நெட் மெதுவாக வந்த நாட்களில் மட்டும் முதல் இருபது முப்பது பேரின் பால் நேற்றைக்குப் போய்விட்டது. நேரம் சரியாகும் வரை தொடங்காதே என்று சர்வீஸிடம் சொல்ல வழி இருக்கிறது, ஆனால் நெட் வராத நாளில் பாலே வாங்க முடியாது. ஏழு மணிக்கு வண்டி வந்துவிடும், பால் காத்திருக்காது. 30 ரூபாய்க்குப் புது செல் வாங்கிப் போட்டேன். கூடவே, கடிகாரம் கடைசியாகப் பதிவான பாலிலிருந்து எட்டு மணி நேரமாவது முன்னால் போயிருக்காவிட்டால் காலையில் சிவப்பில் எச்சரிக்கும்படி ஸ்கிரிப்டில் சேர்த்தேன். தப்பான பதிவுகளை அக்காவும் நானும் உட்கார்ந்து நோட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினோம். யாருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை.

அதே சமயம் ஸ்கிரிப்டை இரண்டாகவும் பிரித்தேன். எடை பார்ப்பது ஒரு சர்வீஸ், அதற்கு வயரைத் தவிர எதுவும் வேண்டாம். எஸ்எம்எஸ் அனுப்புவது தனி, அதற்குத்தான் நெட் வேண்டும். சர்வீஸ் ஃபைலில், நெட்வொர்க் டார்கெட் என்ற பூட் கட்டத்துக்குப் பின்னால் ஓடு என்று மட்டும் போட்டால் இணைப்பு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. நெட்வொர்க்ஆன்லைன் டார்கெட் என்று தனியாக உண்டு, அதை ஆஃப்டர் வரியிலும் வான்ட்ஸ் வரியிலும் இரண்டிலும் எழுத வேண்டும். இப்போது எஸ்எம்எஸ் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாலும் திரை நிற்பதில்லை.

இதையெல்லாம் சோதித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்துப் பார்த்தால் போதாது, அதில் கரண்டு போவதில்லை, கடிகாரமும் நிற்பதில்லை. முறையாக ஷட்டவுன் செய்து, மெயினை அணைத்து, இரண்டு வயரையும் பிடுங்கி, மோடத்தையும் நிறுத்தி, டீக்கடைக்குப் போய்வந்து சுவிட்சைப் போட்டேன். இப்படி எட்டு தடவை. ஒரு தடவை சிவப்பு வயரை மட்டும் பத்து நிமிஷம் கழித்துச் செருகினேன். ஒரு தடவை மோடத்தைப் போடவே இல்லை. எட்டிலும் திரை எழுந்தது.

இப்போது இரண்டு மாதமாகக் காலை போன் இல்லை. போன வாரம் பால் ஊற்ற நானே போனபோது அந்த ஆத்தா எனக்கு முன்னால் நின்றார். திரையில் ஃபேட் 4.1 என்று வந்தது. "நேத்து 3.9 தான் கண்ணு, பருத்திக்கொட்ட வெச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போசியைக் கழுவப் போனார். ரசீது பிரிண்டர் மட்டும் சில நாள் எழுவதில்லை, லாக் எடுத்து வைத்திருக்கிறேன், இந்த ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும்.