சப்பிரேமுக்குப் பத்து மில்லிமீற்றர் போல்ட்: வலுவூட்டிப் பார்த்த அனுபவம்

முறிந்த போல்ட் கையில் கிடைத்தால் தூக்கி எறிய முன்னர் வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். என் பைக்கின் சப்பிரேமில், அதாவது சீற்றையும் பெட்டிகளையும் தாங்கும் பின்பக்கச் சட்டத்தில், இடதுபக்க மேல் போல்ட் முறிந்த முகத்தில் இரண்டு நிறம் தெரிந்தது. முக்கால் பங்கு மழமழவென்று, மட்டி ஓட்டில் இருப்பதுபோல வளைவு வளைவான வரிகளுடன், ஓரத்தில் கறையேறி இருந்தது. மிச்சக் கால் பங்கு சொரசொரப்பு, புத்தம் புதிய சாம்பல் நிறம். ஒரே அடியில் முறிந்திருந்தால் முகம் முழுவதும் சொரசொரப்பாகத்தான் இருக்கும். விரிசல் நெடுநாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, கடைசியில் மிஞ்சிய இரும்பு சுமை தாங்காமல் கைவிட்டிருக்கிறது. மன்னாரிலிருந்து திரும்பும்போது ஏறி இறங்கிய குழியைத் திட்டிப் பயனில்லை.

பைக் பழைய 250 சிசி ஜப்பான்காரன். மண்பாதைக்கென்று பிறந்தது, என்னிடம் வந்து பக்கப்பெட்டி இரண்டும் பின்பெட்டி ஒன்றும் சுமக்கிறது. 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த வகைப் பைக்குகளை எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். 2025இல் கதவு மீண்டும் திறந்தது உண்மைதான், ஆனால் விலையைக் கேட்டவன் வீட்டுக்கு வந்து இருப்பதைத் திருத்தத் தொடங்குவான். மாடல் எதுவென்பது இங்கே அவ்வளவு முக்கியமில்லை. சப்பிரேமைத் தனியாகச் செய்து பெரிய பிரேமில் நான்கு போல்ட்டால் பூட்டிய எந்தப் பைக்குக்கும் இதே சங்கடம்தான்.

சங்கடம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பின்பெட்டி சாமானோடு 15 கிலோ என்று வையுங்கள். அதன் நடுப்பகுதி மேல் போல்ட்டிலிருந்து 60 சென்ரிமீற்றர் பின்னால். மேல் பூட்டுக்கும் கீழ்ப் பூட்டுக்கும் இடையே 20 சென்ரிமீற்றர். 15ஐ 60ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 45 வரும். வெறுமனே நிற்கும்போதே பெட்டி மேல் போல்ட்டுகளை 45 கிலோவால் பின்னோக்கி இழுக்கிறது. பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்பும்போது இது மூன்று மடங்கானால் 135 கிலோ. பின்னால் ஆள் ஏறினால் அந்தக் கணக்குத் தனி. இத்தனையையும் தாங்க மேலே இருந்தவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எட்டு மில்லிமீற்றர் போல்ட்டுகள்.

எட்டு மில்லிமீற்றர் போல்ட் அப்படியொன்றும் பலவீனமானதல்ல, இறுக்கமாக இருக்கும்வரை. போல்ட்டின் வேலை இரண்டு இரும்பையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. பிடி தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் சப்பிரேமின் காது (போல்ட் நுழையும் துளையுள்ள தகடு) போல்ட்டின் கழுத்தில் சுத்தியலால் அடிக்கத் தொடங்கும். என் பைக்கில் பிடி தளர்ந்ததற்குக் காரணம் கழற்றியதுமே தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர் அழகுக்காகப் பூசிய தடித்த பெயின்ற் காதுக்கும் பிரேமுக்கும் நடுவே இரண்டு படையாக இருந்தது. பெயின்ற் நசுங்க நசுங்க போல்ட்டின் இறுக்கம் போய்விடும். போதாக்குறைக்கு அவர் போட்டிருந்தவை பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள். தலையில் ஏ2-70 என்று பொறித்திருந்தது. நம் ஊர் உப்புக் காற்றுக்கு அது நல்லது என்றுதான் எல்லோரும் வாங்குகிறோம். ஆனால் அந்த எஃகு 450 மெகாபஸ்கல் இழுவையில் மீளாமல் நீளத் தொடங்கும், சாதாரண 8.8 தர போல்ட் 640 வரை நின்று பிடிக்கும். கண்ணாடிக்கும் இலக்கத்தகட்டுக்கும் துருப்பிடிக்காத எஃகு சரி, சுமை தாங்கும் இடத்தில் வேண்டாம்.

வலுவூட்டும் கிட் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மச்சானின் பெட்டிக்குள் ரொறன்ரோவிலிருந்து வந்தது. சொக்லேற்றுக்கும் வலிநிவாரணித் தைலத்துக்கும் நடுவே இரும்புச் சாமானைக் கண்டு மாமி முகம் சுளித்தார். உள்ளே இருந்தவை சில்லறைச் சாமான்கள்தான்: 10 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு நீண்ட போல்ட், கடினமாக்கிய வாஷர்கள், பூட்டு நட், துளையை நேராக வைத்திருக்க ஒரு வழிகாட்டிக் குழல். சூட்சுமம் சாமானில் இல்லை, யோசனையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனியே மரை பிடித்திருந்த குட்டைப் போல்ட்டுகளுக்குப் பதிலாக, பெரிய பிரேமின் குறுக்குக் குழாய்க்குள்ளால் ஒரே போல்ட் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது. மரையோடு கணக்கிட்டால் எட்டின் வெட்டுப் பரப்பு 36.6 சதுர மில்லிமீற்றர், பத்தின் பரப்பு 58. இரண்டு மில்லிமீற்றர் கூடியதில் ஒன்றரை மடங்குக்கு மேல் இரும்பு கிடைக்கிறது.

துளை போடுவதற்கு முன் சோதனை. சீற், பக்க மூடிகள், பெற்றோல் தாங்கி எல்லாம் கழன்ற பிறகு பைக் பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். அந்த நேரத்தில் அவசரப்படக் கூடாது. விரிசல் பார்க்கச் சிவப்புச் சாயம் அடிக்கும் மூன்று டப்பா முறை இருக்கிறது, அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மூட்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் பூசினேன். ஊறவிட்டுத் துணியால் நன்றாகத் துடைத்து, மேலே சோக்குத் தூளைத் தடவினேன். நல்ல இரும்பில் தூள் வெள்ளையாகவே நிற்கும். இடதுபக்கக் கீழ்க் காதின் வெல்டிங் ஓரத்தில் மட்டும் சிறிது நேரத்தில் மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று தூளுக்குள் ஊறி வந்தது. நகத்தை வைத்துத் தேய்த்தாலும் பிடிபடாத விரிசல் அது. மேல் போல்ட் தளர்ந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்துச் சுமை முழுவதும் கீழே இறங்கியிருக்கிறது.

உள்ளே சிக்கியிருந்த முறிந்த துண்டை அப்படியே துளைத்து எடுக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் துரப்பணம் கடினமான போல்ட்டை விட்டுவிட்டு மிருதுவான பிரேம் இரும்பைத் தேடி ஓடும், துளை கோணிவிடும். குளப்பிட்டிப் பக்கத்துப் பட்டறை அண்ணை முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே வெல்டிங் குச்சியை விட்டு ஒட்டினார். சூடு ஆறியதும் ஸ்பானரைப் போட்டார். முதல் அரைச் சுற்றுக்கு ஒரு கிரீச்சொலி. பிறகு விரலாலேயே கழன்று வந்தது. சூட்டில் துருவின் பிடி விட்டுவிடுகிறது என்றார்.

துளையை 8.5, 9, 9.5 என்று படிப்படியாகப் பெருப்பித்து, கடைசி அரை மில்லிமீற்றரைக் துளையைச் சீராகச் செதுக்க, கையால் சுழற்றும் ரீமரால் எடுத்தோம். தேங்காய் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டபடி, ஒவ்வொரு பக்கத்தையும் அந்தந்தப் பக்கத்திலிருந்தே துளைக்க வேண்டும். ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வர முயன்றால் நீண்ட துரப்பணம் நடுவே வளையும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க 10 மில்லிமீற்றர் உருக்குக் கம்பியைத் தள்ளினேன். இரு துளைகளிலும் தட்டாமல் முட்டாமல் கம்பி நழுவிப் போன அந்த நொடிக்காக இந்த வேலை முழுவதையும் இன்னொரு முறை செய்யலாம்.

கீழ்க் காதில்தான் எனக்கும் அண்ணைக்கும் தர்க்கம் வந்தது. விரிசலின் முனையில் சிறு துளை போட்டு ஓட்டத்தை நிறுத்துவது, அரைத்து வாய்க்கால் எடுத்து ஒட்டுவது, மேலே 3 மில்லிமீற்றர் தகடு வைப்பது. இவற்றில் இருவருக்கும் உடன்பாடு. அதற்குமேல் அவர் ஆசை பெரிதாக இருந்தது.

"தம்பி, வந்ததுதான் வந்தீர்கள், இந்த நீளத்துக்கு ஒரு ஆங்கிள் இரும்பையும் வைத்து ஒட்டிவிட்டால் யானையையும் ஏற்றலாம்."

"யானையை ஏற்றலாம் அண்ணை. பிறகு எது முறியும்?"

அவர் வெல்டிங் முகமூடியை உயர்த்தி என்னைப் பார்த்தார். வலுவூட்டல் சுமையை இல்லாமல் செய்வதில்லை, அடுத்த பலவீனமான இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. சப்பிரேமை ஆங்கிள் இரும்பால் இறுக்கிக் கட்டினால் அடுத்த விரிசல் பெரிய பிரேமில் விழும். சப்பிரேம் போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வரும், பழைய சாமான் கடையில் இன்னொன்றும் தேடலாம். பெரிய பிரேமில் எண் பொறித்திருக்கிறது, அது பதிவுப் புத்தகத்திலும் இருக்கிறது. அது முறிந்தால் கராஜ் வேலை முடிந்து கந்தோர் வேலை ஆரம்பமாகும். பைக்கில் எது முதலில் கைவிடவேண்டும் என்று நானே தீர்மானிக்கலாமென்றால், மலிவானதும் கழற்றக்கூடியதும்தான் கைவிட வேண்டும். அண்ணை ஒத்துக்கொண்டாரோ, வாயாடியிடம் எதற்கு என்று விட்டாரோ, ஆங்கிள் இரும்பு சுவரிலேயே சாய்ந்திருந்தது.

தகட்டை இலை வடிவில் வெட்டி, நுனிகள் குழாயின் நீளவாக்கில் மெலிந்து போகும்படி வைத்தோம். குழாயைக் குறுக்கே சுற்றி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே புதிய விரிசல் பிறக்கும். சப்பிரேமைப் பைக்கில் பூட்டி வைத்தே பொட்டுப் பொட்டாக ஒட்டி, பிறகு கழற்றி முழுதாக ஒட்டினார்; சூட்டில் கோணாமல் இருக்க அதுதான் வழி. பைக்கில் இருக்கும்போது நெருப்பு வைக்க முன் பற்றரியின் இரண்டு முனைகளையும் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். பின் அச்சிலிருந்து வால் முனைகளுக்கு நூல் பிடித்து அளந்ததில் இரு பக்கமும் இரண்டு மில்லிமீற்றருக்குள் ஒத்து வந்தது.

பூட்டும்போது, ஒன்றோடொன்று முட்டும் முகங்களில் பெயின்ற் இல்லாமல் வெறும் இரும்பு வரும்வரை சுரண்டி, துத்தநாகப் பிரைமரை மெல்லிய படையாக மட்டும் அடித்தேன். போல்ட்டின் தண்டில் கிறீஸ். குறுக்குக் குழாய்க்குள் தண்ணீர் தங்கினாலும் போல்ட் துருவேறி இறுகிவிடாது. மரையில் கிறீஸ் படாமல் பார்த்துக்கொண்டேன், பட்டால் முறுக்கு அளவு பொய் சொல்லும். மேல் போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீற்றர். கீழே எட்டு மில்லிமீற்றர் 8.8 தர போல்ட்டுகளுக்கு நீல மரைப்பசையுடன் 25. எல்லாத் தலைகளிலிருந்தும் பிரேமுக்கு ஒரு மஞ்சள் பெயின்ற் கோடு இழுத்தேன். போல்ட் அசைந்தால் கோடு உடையும். ஸ்பானர் இல்லாமலே குனிந்து பார்த்தால் போதும்.

ஓடிப் பார்க்க இரண்டு பக்கப்பெட்டிகளிலும் அரிசிப் பைகளை அடுக்கிக்கொண்டு பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைவரை போனேன். கடலுக்கு நடுவே போகும் அந்தத் தெருவில் உப்புத் தூவலும் கிடைக்கும், குலுக்கலும் கிடைக்கும். முன்பு பள்ளத்தில் விழுந்ததும் வால் ஒரு கணம் தாமதித்து ஆடும், அது ரயரின் குணம் என்றே பழகியிருந்தது. இப்போது பைக் ஒரே துண்டாக எழும்புகிறது. துறையில் நயினாதீவுப் படகுக்கு நின்ற ஒரு பெரியவர் அரிசி விற்கவா என்று கேட்டார். மஞ்சள் கோடுகள் உடையவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோதும் உடையவில்லை.

இரும்பை எவ்வளவு தடிப்பித்தாலும் முதல் கணக்கில் இருந்த 60 சென்ரிமீற்றர் அப்படியே இருக்கிறது. பெட்டியைப் பத்துச் சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தினால் 45 கிலோ 37.5 ஆகும், ஒரு போல்ட்டும் மாற்றாமல். அதற்குத் தாங்கித் தகட்டில் புதிய துளைகள் வேண்டும்; பின்னால் இருப்பவரின் முதுகில் பெட்டி முட்டாமலும் இருக்க வேண்டும். கடுதாசி மட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்திருக்கிறேன். பின்னால் இருக்கப்போகிறவர் எட்டுச் சென்ரிமீற்றருக்கு மேல் விட்டுத்தர முடியாது என்கிறார், பேச்சுவார்த்தை தொடர்கிறது.